எங்கள் வீட்டு ஓட்டுகள்

ஜனவரி 25, 2025

இன்று மொழிப்போர் தியாகிகள் நாள். அப்பா விடியற்காலையிலேயே குளித்து, கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு வீரவணக்கக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். 79 வயதில் கூட்டத்தில் நிற்க முடியுமா என்று அம்மா கேட்டதைக் காதில் வாங்கவில்லை.

அப்பா கைக்கடிகாரத்தை வலது கையில்தான் கட்டுவார். 1965இல் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் வாங்கிய அடியில் இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. ஜனவரி 26 முதல் இந்தியே முதன்மை ஆட்சிமொழி என்றிருந்த நேரம். மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பையன் அவர். இந்தியில் பரீட்சை எழுதினால்தான் வேலை என்று ஆகிவிட்டால் திரும்பவும் ஏர் பிடிக்கத்தான் போகவேண்டும் என்று பயந்திருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் 27ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, கையில் கட்டோடு விடுதியில் படுத்திருந்தாராம்.

அப்போதெல்லாம் 21 வயதில்தான் ஓட்டு. 1967இல் முதல் ஓட்டை உதயசூரியனுக்குப் போட்டார். கட்சிமேல் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த நாட்கள் உண்டு. சின்னத்தை மட்டும் மாற்றியதில்லை.

ஜனவரி 26

அம்மாவின் கதை வேறு. அவள் பிறந்தது விருதுநகர் பக்கம், கரிசல் காடு. வீட்டில் கம்மங்கூழும் சோளச் சோறும்தான்; நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் காமராசரின் மதிய உணவு பள்ளிக்கு வந்தது. கழுவிய அலுமினியத் தட்டை வெயிலில் காயவைத்து, பாவாடையில் துடைத்து, வரிசையில் நின்றதை இப்போதும் கையை நீட்டிக் காட்டித்தான் சொல்லுவாள். சோறு, மேலே ஒரு கரண்டி குழம்பு. அந்தச் சோறு இல்லையென்றால் அவளைக் களையெடுக்க அனுப்பியிருப்பார்கள்.

1967இல் விருதுநகரில் காமராசர் 1,285 ஓட்டில் தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். அம்மாவுக்கு அப்போது ஓட்டு இல்லை. அன்றைக்கு முழுக்க அழுதிருக்கிறாள். நாலு வருடம் கழித்து அவளைக் கட்டிக்கொடுத்தது அந்த மாணவர் கூட்டத்தில் ஒருவருக்கு!

சண்டை இன்றும் ஓயவில்லை. "சுட்டது பக்தவத்சலம் சர்க்காரு. காமராசரை ஏன் இழுக்கறீங்க?" என்பாள். "கட்சி ஒண்ணுதானே" என்பார் இவர். "காமராஜ் அண்ணாச்சி, கடலைப் பருப்பு விலை என்னாச்சு" என்ற அந்தக் காலத்து கோஷத்தை அவர் முணுமுணுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள். காமராசர் 1975இல் காந்தி ஜெயந்தி அன்று இறந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அப்பாவும் அன்று பட்டினிதான்.

இவர்களில் யாரையும் வாதம் பண்ணி மாற்ற முடியாது. மாற்ற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியதில்லை. இருவர் சொல்வதும் நடந்ததுதானே.

ஜனவரி 29

அமெரிக்காவில் பென்னிங்டன் என்ற பெண்கள் கல்லூரியில் தியடோர் நியூகோம்ப் 1930களில் தொடங்கிய ஆய்வைப் பற்றி வகுப்பில் சொன்னேன். வசதியான, பழமைவாதக் குடும்பத்துப் பெண்கள் அந்த நாலு வருடத்தில் தாராளவாதப் பக்கம் சாய்ந்தார்கள். 1960களின் தொடக்கத்திலும் 1984இலும் திரும்பப் போய்ப் பார்த்தபோதும் பெரும்பாலோர் அதே பக்கம்தான் இருந்தார்கள். கல்லூரிக்குப் பிறகு கூடின நண்பர்களும் வாய்த்த கணவர்களும் அதே கருத்துக்காரர்களாக இருந்தது ஒரு காரணம். பின்வரிசைப் பெண் ஒருத்தி, "உங்க அரசியலை முடிவு பண்ணின வருஷம் எது மேடம்?" என்று கேட்டுவிட்டாள். மணி அடித்துவிட்டது.

பிப்ரவரி 1

எனக்கு 1990.

தாத்தா இறந்த மறுவருடம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசன நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். எனக்கு 17 வயது. திண்ணையில் பத்திர எழுத்தர், சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை வாசிக்கிறார்: "எனக்குச் செய்யவேண்டிய சீர்வரிசைகள் யாவும் செய்யப்பட்டுவிட்டபடியால்..." அத்தை நிலைக்கதவில் சாய்ந்து நிற்கிறாள். கணவனை இழந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகள். ஒரு கைத்தறிச் சேலையும் 500 ரூபாயும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். அத்தை பேனாவை வாங்கி, எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமசொத்து என்று தீர்மானம் போட்டார்கள். 1989இல் கலைஞர் ஆட்சி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டமே கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆகிப்போன பெண்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அத்தை போனாள் வெளியே, நான் வந்தேன் உள்ளே. மாநாட்டுத் தீர்மானத்தை மனப்பாடமாகச் சொல்லும் அப்பா, அன்று தன் பங்கை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டம் தடுக்கவில்லையே, தன் பங்கில் பாதியைக் கொடுத்திருக்கலாம்! அவர்மேல் எனக்குள்ள பாசம் குறையவில்லை. அந்தக் கேள்வியும் குறையவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பெண் பேரில் என்ன எழுதிவைக்கப் போகிறீர்கள்? அதற்கு யார் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான். அதனால் அப்பாவின் கட்சிக்கும் போட்டிருக்கிறேன், போடாமலும் இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 3

கல்யாண வீட்டில் அத்தையைப் பார்த்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, அந்தப் பத்திர நாளைப் பற்றிக் கேட்டேன். அவள் அரசியலும் அன்றைக்குத்தான் பிறந்திருக்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

"அதை விடு தாயி. அண்ணன் தம்பி வேணும்ல, போட்டேன்" என்றாள். அப்புறம் அவளாகவே 1982க்குப் போனாள். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்த வருடம். விதவைகளுக்கு முன்னுரிமை என்றதும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆயா வேலைக்கு எழுதிப்போட்டு வாங்கியிருக்கிறாள். முதல் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு. அடுத்ததில் தபால் நிலையத்தில் தன் பெயரில் கணக்கு.

"அதுவரைக்கும் எம்பேரை எதுலயும் எழுதினது இல்ல. சாகுற வரைக்கும் எனக்கு ரெட்டை இலைதான். ஒங்கப்பன்ட்ட சொல்லிராத."