ஷார்ட் பெட் பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் இழுக்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மாட்டி இழுக்கும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) வாங்கும் எண்ணத்தில் இருக்கும் ஷார்ட் பெட் பிக்கப்காரர்கள், அதாவது சாமான் ஏற்றும் பின்தொட்டியான பெட் குட்டையாக உள்ள வண்டிக்காரர்கள், முதலில் கேட்பது, "என் வண்டி எவ்வளவு எடை இழுக்கும்?" என்றுதான். எடைக் கணக்கு முக்கியம்தான், கீழே அதுவும் வருகிறது. ஆனால் ஷார்ட் பெட்டில் அதற்கும் முன்னால் அளக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: டிரெய்லரை மாட்டும் கருவியான ஹிட்ச்சின் மையத்திலிருந்து கேபினின் பின்சுவர் வரை. பின்கண்ணாடி தப்புமா நொறுங்குமா என்பது அந்த அங்குலங்களில்தான் இருக்கிறது.

இந்த டிரெய்லரைப் பம்பரில் மாட்டுவதில்லை. அதன் மூக்கு பிக்கப்பின் பெட்டுக்கு மேலே ஏறி நிற்கும். மூக்கின் அடியில் இருக்கும் 2 அங்குல விட்டமுள்ள எஃகு முளை, அதாவது கிங் பின், பெட்டுக்குள் பொருத்திய ஹிட்ச்சின் தாடைக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் லாரியில் இருக்கும் அதே ஏற்பாடுதான். எடை நேராகப் பின் அச்சின் மேல் இறங்குவதால், பம்பரில் மாட்டும் டிரெய்லர்கள்போல இது சாலையில் எளிதில் வாலாட்டாது. பெரிய டிரெய்லர் இழுப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணமே அதுதான்.

லாரியில் கேபினுக்குப் பின்னால் வேண்டிய அளவு இடம் விட்டுத்தான் கட்டுகிறார்கள். பிக்கப்பில் அப்படி இல்லை. லாங் பெட் என்றால் பெட்டின் நீளம் ஏறக்குறைய 8 அடி. ஷார்ட் பெட் என்றால் ஆறரை அடி சொச்சம். சில பிக்கப்களில் ஐந்தரை அடி பெட்டும் உண்டு. ஹிட்ச் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது இரண்டு அங்குலம் முன்னே உட்கார வேண்டும். இடம் போதவில்லை என்று அதை அச்சுக்குப் பின்னால் நிரந்தரமாகத் தள்ளி வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் முன் சக்கரங்களிலிருந்து எடை கழன்று ஸ்டியரிங் லேசாகிவிடும். ஆக, ஷார்ட் பெட்டில் ஹிட்ச் மையத்துக்கும் கேபினுக்கும் நடுவே கிடைப்பது 40 அங்குலம் அளவுதான். வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும், குறையும்.

இப்போது டிரெய்லரின் அகலத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 96 அங்குலம் அல்லது 102 அங்குலம். அதில் பாதி 48 அல்லது 51. சிக்கல் முழுவதும் இந்த 40-க்கும் 51-க்கும் நடுவே இருக்கிறது.

டிரெய்லரின் முன்முகம் தட்டையாகவும், கிங் பின் அந்த முகத்துக்கு நேர் கீழாகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 102 அங்குலம். நேராகப் போகும்போது கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே 40 அங்குலம் இருக்கும், பார்க்கத் தாராளமாகவே தெரியும். வண்டியை ஒடிக்கத் தொடங்கியதும் டிரெய்லரின் ஒரு முனை கேபினை நோக்கி வரும். 30 டிகிரியில் இருபத்தைந்தரை அங்குலம் வந்திருக்கும். 45 டிகிரியில் 36 அங்குலம். ஏறக்குறைய 52 டிகிரியில் 40 அங்குலத்தையும் தின்றுவிட்டு கேபினைத் தொட்டுவிடும். இதே டிரெய்லரில் பின் பாக்ஸ் (கிங் பின்னைத் தாங்கும் எஃகுப் பெட்டி) நீண்டு, கிங் பின் முகத்தைவிட 12 அங்குலம் முன்னால் இருந்தால் 63 டிகிரி வரை தாங்கும். மூக்கின் இரு முனைகளையும் வளைத்தோ வெட்டியோ செய்திருந்தால் இன்னும் கிடைக்கும். நெடுஞ்சாலையில் இந்தக் கோணங்கள் வரவே வராது. கேம்ப் இடத்தில் மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போதும், பெட்ரோல் பங்கில் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்போதும்தான் வரும். ஓட்டுபவர் கண்ணெல்லாம் பக்கக் கண்ணாடியில், டிரெய்லரின் வால் எங்கே போகிறது என்பதில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் முனை நெருங்குவதைப் பார்க்க ஆள் இருக்காது.

அளப்பதற்கு வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு நூலை மேலே பிடித்து, பெட்டின் பக்கச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வையுங்கள். அங்கிருந்து கேபின் வரை அளந்து, ஹிட்ச் அச்சுக்கு முன்னால் உட்காரும் அங்குலங்களைக் கழியுங்கள். கேபினில் எதுவரை அளப்பது என்பதில் கவனம் வேண்டும். கண்ணாடி உள்வாங்கி இருக்கும்; முதலில் அடி வாங்குவது கேபின் கூரையின் பின்மூலைகளும், மேலே துருத்தி நிற்கும் பிரேக் லைட்டும்தான். டிரெய்லரில் கிங் பின் மையத்திலிருந்து முன்முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, கேபின் உயரத்தில் அதன் அகலம் எவ்வளவு என்று இரண்டையும் எடுங்கள். 10 அங்குலத்துக்கு 1 செ.மீ. என்ற கணக்கில் பிக்கப், டிரெய்லர் இரண்டின் உருவத்தையும் அட்டையில் வெட்டி, கிங் பின் இடத்தில் குண்டூசி குத்தித் திருப்பிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. எந்த டிகிரியில் இடிக்கும் என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

அட்டை காட்டுவது சமதரைக் கணக்கு. பள்ளம் மேடு வந்தால் டிரெய்லரின் மூக்கு கேபின் பக்கம் சாயும். கேபின் கூரை கிங் பின்னைவிட 30 அங்குலம் உயரத்தில் இருந்தால், 5 டிகிரி சாய்வில் மட்டும் இரண்டரை அங்குலம் போய்விடும். அதனால் அட்டையில் 4 அங்குலமாவது மிச்சம் தெரிந்தால்தான் நம்பலாம். "ஷார்ட் பெட்டுக்கு ஏற்றது, 90 டிகிரி திரும்பும்" என்று விற்பனைத் தாளில் போட்டிருப்பது எந்த வண்டியில், எந்த ஹிட்ச்சை எங்கே பொருத்திப் பார்த்துச் சொன்னது என்று தெரியாமல் அதை நம்பி வாங்காதீர்கள்.

இடம் போதவில்லை என்றால் மூன்று வழிகள்.

மலிவானது கையால் இயக்கும் ஸ்லைடர் ஹிட்ச். சாலையில் போகும்போது ஹிட்ச் அச்சின் மேல் இருக்கும். ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடத்தில் அதை ஓர் அடி அளவு பின்னே நகர்த்திப் பூட்டலாம். நகர்த்தும் முறை இது: வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஸ்லைடரின் பூட்டை விடுவியுங்கள். டிரெய்லர் பிரேக்கைப் பிக்கப்பிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, பிக்கப்பை மெல்ல முன்னே எடுங்கள். டிரெய்லர் நின்ற இடத்திலேயே நிற்க, ஹிட்ச் பெட்டில் பின்னோக்கி நகர்ந்து பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மறுபடி நேராக்கி, பூட்டை விடுவித்து, அதேபோல் பிரேக் பிடித்துப் பிக்கப்பைப் பின்னே எடுத்தால் ஹிட்ச் பழைய இடத்துக்கு வந்துவிடும். இறங்கிப் போய் இரண்டு பக்கப் பூட்டும் விழுந்ததா என்று கண்ணால் பார்க்காமல் சாலை ஏறக் கூடாது. ஏற்கெனவே ஒடித்த நிலையில் நகர்த்தப் பார்ப்பதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. பக்கவாட்டு அழுத்தத்தில் ஸ்லைடர் சிக்கி நகரவே நகராது. தண்டவாளத்தில் ஈரக் கிரீஸைத் தடவினால் மணல் ஒட்டி அதுவே அடைத்துவிடும். உலர் மசகு ஸ்ப்ரே நல்லது.

இரண்டாவது, தானாக நகரும் ஸ்லைடர். புல்ரைட் சூப்பர்கிளைட், டெம்கோ ஆட்டோஸ்லைடு போன்றவை இந்த வகை. வண்டி திரும்பத் திரும்ப ஹிட்ச் தானே பின்வாங்கும், நேரானதும் தானே முன்னே வரும். இது வேலை செய்ய, கிங் பின் தாடைக்குள் சுழலாமல் ஹிட்ச்சின் மேல்தட்டும் டிரெய்லரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதற்காக டிரெய்லரின் பின் பாக்ஸில் ஒரு தகட்டைப் பொருத்துகிறார்கள். அந்தத் தகடு உங்கள் பின் பாக்ஸ் மாடலுக்கு உரியதாகவே இருக்க வேண்டும். விலை அதிகம், எடையும் அதிகம். ஆனாலும் மரங்கள் நெருக்கமான பழைய பூங்காக்களில் அடிக்கடி தங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வண்டி ஒடிந்த பிறகு "ஐயோ, ஸ்லைடரைத் தள்ளவில்லையே" என்று பதற வேண்டியதில்லை.

மூன்றாவது, டிரெய்லரின் பின் பாக்ஸையே மாற்றுவது. ரீஸ் சைட்வைண்டர் திரும்பும் புள்ளியை 22 அங்குலம் பின்னே கொண்டுபோகிறது. பெட்டில் சாதாரண ஹிட்ச்சே போதும். ஆனால் ஹிட்ச் தட்டின் வாய்ப் பிளவில் ஓர் ஆப்பு உட்கார்ந்து, கிங் பின்னைச் சுழலவிடாமல் பிடிக்க வேண்டும். ஆப்பு உங்கள் ஹிட்ச்சுக்கு உரியதாக இல்லாமல் லொடலொடத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் இடித்து இடித்துத் தேயும். மாற்றுவதற்கு முன் டிரெய்லர் கம்பெனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், ஃபிரேமின் வாரண்டி அதில்தான் இருக்கிறது.

இனி எடை. ஃபிஃப்த் வீலில் டிரெய்லர் எடையில் 20 சதவீதம் அளவு கிங் பின் வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்கும். சாமானோடு 12,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,400 பவுண்டு. 22 சதவீதம் என்றால் 2,640. அதோடு ஸ்லைடர் ஹிட்ச் 200, ஆட்களும் பைகளும் 400 என்று சேருங்கள், 3,000-ஐத் தாண்டிவிடும். ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறத் தாளில் உங்கள் வண்டியின் பேலோடு, அதாவது வண்டியின் மேல் ஏற்றக்கூடிய எடை, எவ்வளவு என்று பாருங்கள். விளம்பரத்தில் 13,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லும் அரை டன் பிக்கப்பில்கூட (அரை டன், முக்கால் டன் என்பவை பிக்கப் ரகங்களின் பெயர் மட்டுமே) அந்த எண் 2,000-க்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். முக்கால் டன் டீசலே பல நேரம் இந்தக் கணக்கில் தோற்கும். டிரெய்லர் தாளில் உள்ள கிங் பின் எடை காலி டிரெய்லருக்கானது. முன் அறையில் பேட்டரி, புரொப்பேன் சிலிண்டர், நாற்காலி, கருவிப்பெட்டி என்று ஏற்றுவது எல்லாம் கிங் பின்னில்தான் வந்து விழும். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். டிரெய்லரோடு ஒருமுறை, பிக்கப் தனியாக ஒருமுறை எடை போடுங்கள். பிக்கப்பின் இரண்டு அச்சுகளும் முதல் தடவை காட்டிய கூட்டுத்தொகையிலிருந்து தனி எடையைக் கழித்தால் உண்மையான கிங் பின் எடை வந்துவிடும்.

உயரத்தையும் விடக் கூடாது. டிரெய்லர் சமமாக நிற்கும்போது பெட்டின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவே 6 அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாய்வான நுழைவாயிலில் திரும்பும்போது பெட்டின் விளிம்பு நசுங்கும்.

மாட்டும்போது டிரெய்லர் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, டெயில்கேட்டை (பெட்டின் பின்கதவை) இறக்குங்கள். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் தட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். பின்னே வரும்போது தட்டு மூக்கை உரசித் தூக்கியபடி உள்ளே போக வேண்டும். மூக்கு உயரமாக இருந்தால் தாடை கிங் பின்னின் கழுத்தைப் பிடிக்காமல் கீழே இருக்கும் தடித்த விளிம்பைப் பிடித்துவிடும். கைப்பிடி பூட்டியதுபோலவே காட்டும், சத்தமும் சரியாகவே கேட்கும். முதல் பள்ளத்தில் டிரெய்லர் கழன்று பெட்டின் மேல் விழும். கண்டுபிடிப்பது எளிது: டார்ச்சை அடித்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு தட்டுகளும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், நடுவே வெளிச்சக்கீற்று தெரிந்தால் அவிழ்த்து மறுபடி மாட்டுங்கள்.

பூட்டு ஊசியைப் போட்டு, டிரெய்லரின் விளக்குக்கும் பிரேக்குக்கும் மின்சாரம் தரும் 7-பின் ஒயரை இணையுங்கள். டிரெய்லர் கழன்றால் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் மெல்லிய எஃகுக் கயிற்றைப் பிக்கப்பில் மாட்டுங்கள். ஹிட்ச்சில் மாட்டினால் ஹிட்ச்சோடு சேர்ந்து கழன்று போகும்போது அது வேலை செய்யாது. ஷார்ட் பெட்டில் முழுக்க ஒடிக்கும்போது இந்த இரண்டுக்கும் தளர்வு போதுமா என்றும் பாருங்கள். பிறகு லேண்டிங் கியரை (டிரெய்லரின் முன்பகுதியைத் தாங்கும் கால்களை) தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை முன்னே லேசாக இழுங்கள். அசையாமல் பிடித்தால் லேண்டிங் கியரை முழுக்கத் தூக்கி, கட்டைகளை எடுத்து, டெயில்கேட்டை மூடலாம்.

புது ஹிட்ச் என்றால் முதல் பயணத்துக்கு முன் காலி மைதானம் ஒன்றில், வெளியே ஓர் ஆளை நிறுத்தி, நடை வேகத்தில் இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். கேபினுக்கும் முனைக்கும் நடுவே 4 அங்குலம் வந்ததும் கை தூக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் டிரெய்லரின் முனை பக்கக் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கே சின்னதாக டேப் ஒட்டுங்கள். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. இருக்கையையும் கண்ணாடியையும் நகர்த்தினால் அந்த அடையாளம் செல்லாது. ஓட்டுபவர் மாறினால் மறுபடி ஒட்ட வேண்டும்.

அவிழ்க்கும்போது வரிசை தலைகீழ்: கட்டை, டெயில்கேட், லேண்டிங் கியர், ஒயர், கயிறு, கடைசியாகக் கைப்பிடி. தாடை இறுகிக் கைப்பிடி வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். பிக்கப்பை ஓர் அங்குலம் பின்னே அழுத்திப் பார்க்கிங் பிரேக் போடுங்கள், தானே வரும். டெயில்கேட்டை மூடிய நிலையில் பிக்கப்பை முன்னே எடுத்தால் கிங் பின் அதைப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் கைப்பிடியில் கை வைக்கும் முன் டெயில்கேட்டை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஹிட்ச்சைப் பெட்டோடு பிணைக்கும் போல்ட்டுகளை முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் கொடுத்த அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும்.