ரிப்போர்ட் நார்மல், கை மட்டும் மரத்துப்போகிறது

ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், தைராய்டு, சர்க்கரை, பி12, கழுத்துக்கு எக்ஸ்ரே, கடைசியில் வாய்வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி. எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, தைரியமா போங்க" என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னார்கள். ஃபைலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே விரல் நுனி மரத்துக்கொண்டு வரும். இதே மாதிரி ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோட்டையூரில் வீட்டுப் பின்கட்டில் பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை. கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் நெருக்கும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் டின்னில் கட்டி அனுப்புவோம்.

சீப்புச்சீடை போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். அரிசி மாவையும் பருப்பு மாவையும் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, வரி விழும் பட்டை அச்சில் நீளமாகப் பிழிந்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இரண்டு முனையும் சேரும் இடத்தில் லேசாக அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் எண்ணெயில் போட்டதும் வாய் பிரிந்துவிடும். கூடினால் வரி அழிந்துபோகும். இதற்குக் கண்ணே வேண்டாம். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், விரல் தன் பாட்டுக்குச் செய்யும். ஒரு ஐப்பசியில் அந்த விரலுக்கு மாவு தெரியாமல் போய்விட்டது. நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. அப்புறம் உதட்டைச் சுற்றியும் அதே. வாணலியில் சீடை வரிசையாகப் பிரிந்து மிதந்தது. கூட வேலை செய்யும் அக்கா ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து ஒவ்வொன்றாக வந்தது. ராத்திரி படுத்தால் நெஞ்சு இறுக்கம். தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி. சோறு இறங்கும், எச்சில் விழுங்கினால் மட்டும் அடைக்கும். காலையில் வெளியே கிளம்பினால் வயிற்றைக் கலக்கும். வாய்வு என்று சொல்லிப் பூண்டும் பெருங்காயமும் கொடுத்தார்கள். கழுத்தெலும்பு தேய்மானம் என்று ஒரு இடத்தில் பட்டை மாட்டிவிட்டார்கள். கண் பட்டிருக்கும் என்று மாமியார் படுக்கையிலிருந்தபடியே மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார். கொப்புடையம்மன் கோயிலில் விளக்குப் போட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம் நிஜமாகவே இதமாக இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்தால் திரும்பவும் ஆரம்பித்துவிடும்.

அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாமியார் படுத்த படுக்கை. வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலை முடிந்து திரும்பி வந்து அடுத்த வேலை அமையாமல் இருந்தார். பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். புது அடுப்புக்கும் மாவு மெஷினுக்கும் வாங்கிய கடனுக்குத் தவணை. ஆனால் யாராவது "கவலையா இருக்கியா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், மனசார. அழவில்லை, முடங்கிப் படுக்கவில்லை, ஆர்டர் ஒன்றுகூடத் தவறவில்லை. பதற்றம் என்றால் மனசுக்குள் தெரியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். எனக்கு மனசில் தெரியவே இல்லை, நேராக விரலிலும் தொண்டையிலும் வந்து நின்றது.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு இளம் டாக்டரம்மாதான் முழு ஃபைலையும் புரட்டிவிட்டு, மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குப் பகீரென்றது. வரன் பார்க்கிற வீட்டில் அம்மா மனநல டாக்டரிடம் போகிறாள் என்று பேச்சுக் கிளம்பினால் என்ன ஆகும்? நம் ஊரில் ஜாதகம் பொருந்தியபிறகும் குடும்பத்தைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பார்கள். சீட்டை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு நாத்தனார்தான், "அண்ணி, கழுத்துக்குப் பட்டை கட்டிக்கிட்டு ஊரெல்லாம் போனீங்க, அதை யாரும் கேட்கலையே. வாங்க, நான் கூட வர்றேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

மனநலப் பிரிவில் இருந்த டாக்டர் முதலில் சொன்னது: "உங்க வலி நிஜம்மா. நீங்க கற்பனை பண்ணலை." அதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. அப்புறம் அவர் செய்த காரியம் எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. இதயம், நுரையீரல் ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்துவிட்டு, என்னை நாற்காலியில் நேராக உட்காரவைத்து, கொஞ்ச நேரம் வேகமாக ஆழமாக மூச்சு வாங்கச் சொன்னார். வாங்கினேன். சிறிது நேரத்தில் தலை லேசாகக் கிறுகிறுத்தது. உதட்டைச் சுற்றி ஊர்ந்தது. விரல் நுனி மரத்தது. அதே மரப்பு. என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்த அந்த மரப்பு, பட்டப்பகலில், டாக்டர் மேஜைக்கு முன்னால். "நிறுத்திட்டு மெதுவா விடுங்க" என்றார். விட்டேன், அடங்கியது. நாத்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு வேகமாக அடிக்கும், தசை இறுகும், குடலின் வேலை தாறுமாறாகும், மூச்சு நமக்குத் தெரியாமலே வேகமாகும். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியத்தின் அளவு மாறி, விரலும் உதடும் மரக்கின்றன. தொண்டை உருண்டைக்கு அங்கேயுள்ள தசை இறுகுவது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் சோறு இறங்குகிறது, வெறும் எச்சில் அடைக்கிறது. குடலுக்கென்றே ஒரு பெரிய நரம்புக் கூட்டம் இருக்கிறது, மூளையோடு எப்போதும் பேசிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயிலும் ஈ.சி.ஜி.யிலும் இதெல்லாம் தெரியாது. பாகத்தில் பழுது இல்லை, இயங்குகிற விதத்தில்தான் கோளாறு. மின்சார அடுப்பில் கம்பி நன்றாக இருந்தும் ஸ்விட்ச் 'ஆன்' நிலையிலேயே சிக்கிக்கொண்ட மாதிரி என்றார் அவர். இதற்கு மேல் ஒன்று: எந்த இடத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறோமோ அந்த இடத்துச் செய்தியை மூளை இன்னும் சத்தமாக்கும். மரக்கிறது, பயம், பயத்தால் மூச்சு வேகம், அதனால் இன்னும் மரப்பு. நான் இந்தச் சுற்றில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நர்சிங் படிக்கும் சின்னவள் ஒரு விஷயம் சொன்னாள். முன்பெல்லாம் இந்த மாதிரி நோயைப் பெயர் சொல்லிக் கண்டறிய, உடம்பில் காரணம் கிடைக்கவில்லை என்பதே முக்கிய அடையாளமாக இருந்ததாம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டைத் திருத்தியபோது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அந்த அறிகுறி ஒருவரின் நினைப்பையும் நாளையும் எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் இப்போது பார்க்கிறார்கள். எனக்கு இது பெரிய நியாயமாகப் படுகிறது. காரணம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒருவரை வாசலோடு அனுப்பிவிடுவது எந்த ஊர் வைத்தியம்?

சரி, என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மூச்சுதான் முதலில். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுவது. விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதில்தான் காரியம். பதறும்போது மட்டும் செய்தால் வராது. சும்மா இருக்கும்போதே பழக வேண்டும், நான் மாவு சலிக்கும்போது பழகினேன். நாடியைத் தொட்டுப் பார்ப்பதையும் ராத்திரி போனில் நோயைத் தேடுவதையும் விடச் சொன்னார். முதலாவதைச் சீக்கிரம் விட்டேன், இரண்டாவதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. பயந்து ஒதுக்கிய வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்கச் சொன்னார்: தனியாக பஸ் ஏறுவது, கூரியர் ஆபீஸ் வரிசையில் நிற்பது, சாயங்காலம் நடப்பது. ஒரு நோட்டில் அறிகுறி வந்த நேரத்தையும் அதற்கு முன்னால் நடந்ததையும் குறித்து வந்தேன். தவணைத் தேதி நெருங்கும் வாரம், தரகர் போன் வந்த மறுநாள், மாமியாருக்கு மூச்சு இரைத்த ராத்திரி. வரிசையாக எழுத்தில் பார்த்தபோது கண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் அந்த நோட்டையே கொடுத்தேன். படித்துவிட்டு, தரகரிடம் இனிமேல் தானே பேசுவதாகச் சொன்னார்.

மாத்திரையும் கொடுத்தார்கள். அது உடனே வேலை செய்யாது, சில வாரம் பிடிக்கும். ஆரம்பத்தில் வயிறு கொஞ்சம் குமட்டலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னார்கள். எனக்கும் குமட்டியது, சொல்லியிருந்ததால் தாங்கினேன். இது பழக்கமாகிவிடும் வகை இல்லை, ஆனால் நாமாகச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு. அது பழகிவிடும். இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்று அழுத்திச் சொல்கிறேன். எல்லாம் டென்ஷன்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். புதிதாக நெஞ்சுவலி வந்தால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் கை கால் விழுந்தாலும், வாய் கோணினாலும் அப்படித்தான். சாப்பாடே இறங்கவில்லை, எடை குறைகிறது, மலத்தில் ரத்தம் என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அதிலும் பெண்கள் நெஞ்சு வலிக்கிறது என்றால் "கேஸா இருக்கும்" என்று வீட்டிலேயே தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நான் டெஸ்ட் எடுத்தது சரி. அது முடிந்தபிறகு அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆதங்கம்.

பெரியவளுக்குப் போன தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் சிகிச்சையைப் பற்றிச் சம்பந்தி வீட்டாரிடம் நானே சொன்னேன். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தங்கைக்கும் இப்படித்தான் தொண்டை அடைக்கிறது என்றார்.

எனக்கு முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. தீபாவளி ஆர்டர் குவியும்போது விரல் லேசாக ஊரும். இன்னது என்று தெரிவதால் பயம் பிடித்துக்கொள்வதில்லை, மூச்சைக் கவனித்தபடி அடுத்த துண்டை எடுத்துச் சுற்றுகிறேன்.

போன மாதம் பள்ளத்தூரிலிருந்து பலகாரம் வாங்க வந்த ஆச்சி ஒருவர், மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, "ஆத்தா, உனக்குப் பார்த்த டாக்டரு எந்த ரூம்ல இருப்பாரு?" என்று கேட்டார். வளவு வீட்டில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். எழுதிக் கொடுத்தேன். நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கொடுத்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். ஆச்சி போனில் பேச மாட்டேன் என்றுவிட்டார். வரும் செவ்வாய்க்கிழமை நான் கூடப் போகிறேன். காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.