அப்பா அவரை 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஒட்டுக்கடைக்கு இன்று காலை அந்த இந்தோனேசியப் பெரியவர் வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். கடைக்கு வருகிற சிலர் அவரை "ஏய் இந்தோன்" என்பார்கள். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "பாக், டூடுக்" (ஐயா, உட்காருங்கள்) என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்.

அப்பா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் தாத்தாவைப் பெயர் சொல்லாமல் விரல் நீட்டிக் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர். அந்த வலி அவருக்குத் தெரியும்.

நாடுகளும் இப்படித்தானே? 1963இல் நம்மோடு மோதலில் இறங்கிய இந்தோனேசியா, 1966 ஆகஸ்ட் 11இல் ஜகார்த்தாவில் நம்மோடு சமாதான ஒப்பந்தம் போட்டது. ஒரு வருடம்கூட முடியவில்லை, 1967 ஆகஸ்ட் 8இல் பாங்காக்கில் இரண்டு நாடுகளும் மற்ற மூன்று நாடுகளோடு சேர்ந்து ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கின. ஆள் பலத்தில் அவர்கள் நம்மைவிட எவ்வளவோ பெரிய நாடு. ஆனாலும் அந்த மேசையில் எல்லோரும் சமம். எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி, இன்று கடைக்கு வரவில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சலாம் சொல்லிவிட்டு வந்துதான் தேத்தண்ணீரைத் தொட்டார். அதற்குள் அது ஆறிப்போயிருந்தது. வேறு கலக்கிக் கொடுத்தேன்.