ஒரு டாலர் தட்டு, ஆயிரம் மைல் அலைச்சல்

போக 260 மைல், வர 260 மைல். டெட்ராய்ட் பக்கத்திலிருந்து சின்சினாட்டிக்கு ஒரே நாளில் போய்த் திரும்பி, ராத்திரி பதினொன்றரைக்குக் கதவைத் திறந்தபோது கையில் மிஞ்சியது ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டும், கிங் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய கட்டடத்தின் முன்னால் எடுத்த ஒரு படமும்தான். ஒரு பழைய இசைத்தட்டை வைத்துத் தேடிப் போன பாட்டுக் குழுவுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைவிட எரிச்சல், அவர்களுடைய சொந்த ஊரான டேட்டனை 75ஆம் எண் நெடுஞ்சாலையில் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை தாண்டியிருக்கிறேன். போகும்போது அங்கே இறங்கி காபி வேறு குடித்தேன்.

பழைய சோல், ஜாஸ் 45களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன இசைத்தட்டுகளை) வைத்துக்கொண்டு ‘யாருடா இவங்க?’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் தமிழிலும் நாலு பேராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் இதில் வராது. பாடியவரின் வீட்டார் கேட்டுக்கொண்டது அது. உரிமை விஷயமாகப் பேரன் ஒரு வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறார். 1957 முதல் 1972 பிப்ரவரி 15க்கு முன் வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் 2067 வரை பாதுகாப்பு உண்டு என்று 2018இல் சட்டம் வந்துவிட்டதால், ‘அறுபது வருஷப் பழசு, யாருக்கு என்ன’ என்று இருக்க முடியாது.

தட்டு கிடைத்தது ஒரு எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்பது), ஒரு டாலர் பெட்டியில். ஏ பக்கம் ஒரு பெண்ணும் மூன்று ஆண்களும் பாடும் மெதுவான சோல் பாட்டு. பி பக்கம் ஆர்கன், கிதார், டிரம்ஸ் மட்டும் வைத்து வாசித்த ஜாஸ். லேபிளில் ஊர் இல்லை, வருஷம் இல்லை. பாட்டெழுதியவரின் குடும்பப் பெயர் மட்டும் அடைப்புக்குள். அதுவும் நம்மூரில் ‘எஸ். குமார்’ என்று தேடுவதற்குச் சமமான பெயர். இணையத்தில் ஒரே ஒரு பதிவு, ஊர் டெட்ராய்ட் என்று. யாரோ ஒரு டெட்ராய்ட்காரர் விற்றதால் டெட்ராய்ட் குழு என்று போட்டுவிட்டார்கள். அதை நம்பிப் பழைய பத்திரிகைகளில் இரண்டு மாதம் துழாவினேன். ஒரு வரி அகப்படவில்லை.

சரி, தட்டையே கேட்போம் என்று உட்கார்ந்தேன். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கிற வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எழுத்துகளை வைத்து நிறையச் சொல்லலாம். சின்ன முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் லாஸ் ஏஞ்சல்ஸின் மானார்க் ஆலை. ஏஆர்பி என்று இருந்தால் மிச்சிகனில் ஒவாசோ என்ற சிற்றூரில் இருந்த ஆலை. டெட்ராய்ட் தட்டுகள் ஏராளம் அங்கே அச்சானவை, 1972இல் அது எரிந்துபோனது. என் தட்டில் இருந்தது சின்சினாட்டியின் ரைட் நிறுவனத்து எண். டேப்பையும் பணத்தையும் அனுப்பினால் யாருக்கும் தட்டு அச்சடித்துத் தருவார்கள். சர்ச் பாடகர் குழு, மலைநாட்டுப் பாஞ்சோக்காரர், பள்ளிக்கூட பேண்டு என்று வித்தியாசமே கிடையாது. தட்டு எண் வரிசையாகப் போகும் என்பதால் அதை வைத்து வருஷம் தெரிந்துவிடும். எனக்கு 1967 என்று வந்தது. அதோடு சிபி என்று தொடங்கும் இன்னொரு எண்ணும் உண்டு. அது வாடிக்கையாளரின் கணக்கு எண். ஒரே சிபி எண் இருக்கிற தட்டுகள் ஒரே ஆள் கொடுத்த வேலை. சேகரிப்பாளர்கள் வருஷக் கணக்காக உட்கார்ந்து இந்த எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

நான் படித்த சிபி எண் சின்சினாட்டியில் இருந்த ஒரு வாடிக்கையாளரோடு பொருந்தியது. ஆலையும் சின்சினாட்டி, வாடிக்கையாளரும் சின்சினாட்டி. இனி என்ன வேண்டும்? வண்டியை எடுத்துவிட்டேன். அங்கே ஒரு நாள் முழுக்கப் பழைய தெரு டைரக்டரிகளைப் புரட்டியதில், அந்த வாடிக்கையாளர் புளூகிராஸ் என்ற மலைநாட்டு இசைத் தட்டு போட்டவர் என்பதும், ஒரு சோல் பாட்டுகூட அவர் வெளியிட்டதில்லை என்பதும் தெரிந்ததுதான் லாபம். வாசலில் வண்டி நிறுத்தியதற்கு அபராதம்.

ஒரு மாதம் கழித்து என் மகள், ‘அப்பா, அது ஒன்னு இல்ல, ஏழு’ என்றாள். போன் டார்ச்சைத் தட்டின்மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுத்திருந்தாள். பத்து மடங்கு லென்ஸ் வாங்கிய நான், விளக்கை மேலேயிருந்து பிடித்ததால் ஏழின் மேல் கோடு கண்ணில் படவே இல்லை. 520 மைலும் ஒரு சின்னக் கோட்டுக்காக. இதை வாசிப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள்.

திருத்திய எண்ணைப் போட்டதும் அதே சிபி எண்ணில் இன்னொரு தட்டு வந்தது: ஒரு சர்ச் பாடகர் குழுவின் காஸ்பெல் 45. அதன் லேபிளில் சர்ச்சின் பெயர், தெரு, ‘டேட்டன், ஒஹாயோ’ எல்லாம் இருந்தது. ஒஹாயோ பிளேயர்ஸ் என்ற பிரபல ஃபங்க் குழு கிளம்பிய ஊர். எனக்கு முதலிலேயே மூக்கு வியர்த்திருக்க வேண்டாமா?

இடையில் இரண்டு அலுவலகக் கதைகள். தட்டை வெளியிட்ட லேபிள் ஒரு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் உரிமையாளர் பெயர் கிடைக்குமே என்று ஓர் அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ‘1967ஆ? அதெல்லாம் இருக்காது சார்.’ சரி, எழுதிக் கேளுங்கள் என்றார்கள். படிவமும் காசோலையும் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து ‘பதிவு இல்லை’ என்று ஒரு வரி. நான் ‘ரெக்கார்ட்ஸ்’ என்று எழுதியிருந்தேன். பதிவில் இருந்தது ‘ரெக்கார்டிங் கம்பெனி’ என்பது பிறகு தெரிந்தது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் பார்ப்பார்களாம். கட்டணம் திரும்பி வராது. கேட்கும்போதே நாலைந்து விதமாகப் பெயரை எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று பதிப்புரிமை. 1972க்கு முன்னால் ஒலிப்பதிவைப் பதிவு செய்ய மத்திய சட்டத்தில் வழியே இல்லை, பாட்டை மட்டும்தான் பதிவு செய்தார்கள். அதனால் குழுவின் பெயரைப் போட்டுத் தேடுவது வீண். பாட்டின் தலைப்பையும் எழுதியவரையும் தேட வேண்டும். பதிப்புரிமை அலுவலகமே தேடித் தரும், மணிக்கு 200 டாலர், குறைந்தது 2 மணி நேரம். என் மனைவி அந்தத் தொகையைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து அச்சுப் பட்டியல்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணைய ஆவணக் காப்பகத்தில் சும்மாவே கிடக்கின்றன. தேடுபெட்டியில் தலைப்பைப் போட்டேன், இல்லை. விட்டுவிடவிருந்தேன். பிறகு அகரவரிசைப்படி பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்தபோது இருந்தது! கணினி எழுத்துகளைத் தப்பாகப் படித்து வார்த்தையை இரண்டாக உடைத்து வைத்திருந்தது. அதுவும் 1967இல் இல்லை, அதற்கு முந்தைய அரையாண்டுத் தொகுதியில். எண்ணுக்கு முன்னால் ‘இயு’ என்று இருந்தது. அச்சில் வெளிவராத பாட்டு என்று அர்த்தம். லேபிளில் குடும்பப் பெயர் மட்டும் இருந்த ஆளின் முழுப்பெயர், நடு எழுத்தோடு. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

முழுப்பெயர் கிடைத்தபின் மற்றதெல்லாம் ஓட்டம்தான். ஊராரைப் பட்டியலிடும் போல்க் டைரக்டரியின் டேட்டன் பதிப்பில் ஆளும், மனைவி பெயரும், தொழிலும் இருந்தன. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். ஒரு தகவல்: போல்க்கில் தெருவாரியாகவும் ஒரு பகுதி உண்டு. பக்கத்து வீட்டில் யார் என்று பார்க்கலாம். இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். அதே குடும்பப் பெயர் சர்ச் தட்டிலும் தனிப்பாடகியாக வந்திருந்தது. 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 72 ஆண்டு முடிந்து 2022 ஏப்ரலில் திறந்துவிட்டதால், அந்த வீட்டில் 3 வயதுப் பெண் குழந்தையும் இரண்டு அண்ணன்களும் இருந்ததைப் பார்க்க முடிந்தது. 3 என்றால் 1967இல் 20. குரலுக்குச் சரியாக இருந்தது.

முடிதிருத்துபவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் போன் எண் கிடைத்தது. அழைத்தேன். இங்கேதான் யாரும் சொல்லித் தராத சிக்கல். ‘ஹலோ மேம், மை நேம் இஸ்’ என்று தொடங்கியதுமே டக். மறுபடி அழைத்தேன். ‘என் கார் வாரண்டி நல்லாத்தான் இருக்கு’ என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் உச்சரிப்பில், கார் வாரண்டி பெயரைச் சொல்லி, தினமும் எத்தனை மோசடி அழைப்பு வருகிறதோ பாவம், நான் வேறு நடுவில் 1967ஐப் பற்றிக் கேட்டால்?

ஆகவே இரண்டாவது பயணம், இந்த முறை சரியான ஊருக்கு. சர்ச் தட்டின் லேபிளில் இருந்த முகவரி இப்போது காலி மனை. சர்ச் சில தெரு தள்ளி இடம் மாறியிருந்தது. ஞாயிறு காலை பத்து ஐம்பதுக்குப் போய் நின்றேன். கோட்டு போட்டுப் போனது புத்திசாலித்தனம். தொப்பி வைத்த பாட்டிமார் வரிசையில் என்னைத் தவிர எல்லோரும் கல்யாணத்துக்கு வந்ததுபோல் இருந்தார்கள். ஒன்றரைக்குத்தான் முடிந்தது. பிறகு சாப்பாடு, ‘சாப்பிடாம போகாதீங்க’ என்று நம் ஊர் அதட்டலோடு. செயலாளர் அம்மாவிடம் தட்டின் படத்தையும், கையால் எழுதிய ஒரு கடிதத்தையும், ஸ்டாம்ப் ஒட்டிய உறையையும் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து இறுதிச்சடங்குக் கையேடுகளை ஒரு கட்டு எடுத்துவந்தார். இறந்தவரின் படம், வாழ்க்கைக் கதை, இருக்கிற உறவினர்கள் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஓர் அண்ணனுடையது அதில் இருந்தது. ‘இளமையில் தங்கை, தம்பியோடு பாடினார்’ என்று ஒரே வரி. ஆனால் குழுவின் பெயர் வேறு.

அந்த வாரமே, போனை வைத்த அந்தப் பாடகி அம்மாவே அழைத்தார். ‘நீங்கதான் வாரண்டிக்காரரா?’ சிரிப்பு. நான் பாட்டைப் போனில் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘இந்தப் பேரு எங்க பேரே இல்ல தம்பி’ என்றார். அவர்கள் ஊரில் வேறு பெயரில்தான் பாடியிருக்கிறார்கள். தட்டு வரும்போது, அதைப் போட்ட முடிதிருத்தும் கடைக்காரர் தனக்குப் பிடித்த பெயரைப் போட்டுவிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகைகளில் ஏன் ஒன்றும் அகப்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சரியான பெயரைப் போட்டதும் ஒரே மாலையில் இரண்டு நடன விளம்பரங்கள் வந்தன.

லேபிளில் பெயர் மாறுவது இந்த உலகத்தில் சாதாரணம்தான். ஒப்பந்தச் சிக்கலால் ஜாஸ் உலகில் சார்லி பார்க்கர் ‘சார்லி சான்’ ஆனார், கேனன்பால் ஆடர்லி ‘பக்‌ஷாட் லா ஃபங்க்’ ஆனார். டியூக் எலிங்டனின் இசைக்குழு ‘தி ஜங்கிள் பேண்ட்’ என்றும் தட்டு போட்டது. கொலம்பஸ் நகரின் பென்னி அண்ட் தி குவார்ட்டர்ஸ் என்ற குழுவின் பாட்டை, பாடியது யாரென்றே தெரியாமல் 2007இல் நியூமெரோ நிறுவனம் வெளியிட்டது. 2010இல் ஒரு படத்தில் அது வந்த பிறகுதான் ஆள் தெரிந்தது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் லேபிளை நம்பினேன்.

அடுத்த இடி பி பக்கத்தில். ‘அந்த ஆர்கன் பாட்டா? அதுல நாங்க யாரும் இல்ல. அது யாருன்னே தெரியாது.’ கடைக்காரர் கையில் இருந்த ஏதோ ஒரு டேப்பை மறுபக்கத்தில் ஒட்டிவிட்டார். இசைக்கலைஞர் சங்கத்தில் ஒலிப்பதிவு ஒப்பந்தம் இருக்குமா என்று விசாரித்தேன். பல ஊர்களில் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று இரண்டு கிளைகள் இருந்தன. சிகாகோவில்கூட கறுப்பினத்தவரின் 208ஆம் கிளை வெள்ளையரின் 10ஆம் கிளையோடு சேர்ந்தது 1966இல்தான். சேர்ந்தபோது எந்தக் காகிதம் எந்தப் பெட்டிக்குப் போனதோ. அதற்கு மேல், முடிதிருத்தும் கடைக்காரர் சங்கக் கூலி கொடுத்து முறையாகப் பதிவு செய்திருப்பார் என்று நினைப்பதே பேராசை. எதிர்பார்த்ததுபோல் ஒன்றும் இல்லை.

இணையப் பதிவில் இருந்த ‘டெட்ராய்ட்’டை மாற்றச் சொல்லி, குடும்பத்தார் அனுமதித்த அளவுக்கு மட்டும் விவரம் எழுதி அனுப்பினேன். மூன்று நாளில் பதில்: ஆதாரம் என்ன? பாடியவரே சொன்னார் என்றேன். அச்சில் வந்த மூலம் வேண்டுமாம். டெட்ராய்ட்டுக்கு என்ன அச்சு மூலம் வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பதிவில் ஊர் டெட்ராய்ட்டாகவே இருக்கிறது.