ஆபீஸ் போட இடம் தேடி யாழ்ப்பாணம் வந்த கதை

வெளிநாட்டில் கிளை திறக்கும் கனவெல்லாம் எங்கள் சென்னை சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இருந்ததில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் ஏறியபோது எங்கள் ஆபீஸும் மாட்டிக்கொண்டது. ஜெனரேட்டர் வைத்திருந்த கீழ்த்தளமே குளமாகிவிட்டால் கரண்டுக்கு எங்கே போவது? ஐரோப்பாவில் இருக்கும் பெரிய வாடிக்கையாளர் தண்ணீர் வடியும்வரை பொறுத்திருந்துவிட்டு அப்புறம் நிபந்தனை போட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமா, இந்தியாவுக்கு வெளியே இன்னொரு டெவலப்மென்ட் சென்டர் வேண்டும்.

பட்டியலில் மலேசியாவின் சைபர்ஜெயா, வியட்நாமின் டா நாங், இலங்கையின் கொழும்பு என்று மூன்று ஊர்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தைச் சேர்த்தது எங்கள் கணக்குப் பிரிவுக்காரர். "பலாலிக்கு, அதான் யாழ்ப்பாணம் ஏர்போர்ட்டுக்கு, ஃபிளைட் இருக்கு மேடம். ஒண்ணேகால் மணி நேரம்தான். சில நாள் ஓஎம்ஆரைத் தாண்டவே அவ்வளவு நேரம் ஆகுது" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, வியட்நாம் ஒன்றரை மணி நேரம். இலங்கையில் 2006 முதல் நம் நேரமேதான். காலை மீட்டிங்கை யாருக்காகவும் நகர்த்த வேண்டாம். மகன் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் நான் போகிறேன் என்று சொன்னேன், யாரும் தடுக்கவில்லை.

இலங்கை என்றால் கொழும்புதானே என்று எல்லோரும் கேட்டார்கள். கொழும்பில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே ஆளெடுக்கப் போனால் நாங்கள் வரிசையில் கடைசி. யாழ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை திருநெல்வேலியில் இருக்கிறது (நம் நெல்லை இல்லை, என் அம்மா இன்னும் சொந்தக்காரர்களிடம் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறார்). பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இங்கெல்லாம் படித்து முடித்த பிள்ளைகளில் பலர் இரவு பஸ் ஏறி, கொழும்பின் வெள்ளவத்தையில் இறங்கி, ஒரு அறையை இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டு கொழும்பில் வேலை பார்க்கிறார்கள்.

நாங்கள் முதலில் எடுத்தது புதிதாகப் படித்து முடித்தவர்களை இல்லை, அப்படிக் கொழும்பில் சில வருஷம் இருந்தவர்களை. வயதான பெற்றோர், பூட்டிக் கிடக்கும் வீடு, பிறந்த குழந்தை என்று ஊருக்குத் திரும்பக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள். ஊர் சின்னது என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கணக்குப் பிரிவுக்காரருக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை. ஊழியருக்காக முதலாளி ஈபிஎஃப் என்ற சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் அதற்கு மேல் ஈடிஎஃப் என்ற நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும் என்று தெரிந்த அன்று அவர் போனில் பேசவே இல்லை.

ஊர் முடிவானது. எந்தத் தெரு? ஸ்டான்லி வீதியில் கண்ணாடி போட்ட ஒரு மாடி கிடைத்தது. ஏசி, லிஃப்ட், கீழே வங்கி. வாடிக்கையாளருக்குப் போட்டோ அனுப்ப நன்றாக இருக்கும். இன்னொன்று பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், பலாலி வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் (நம் ஊர்ச் சந்து) இருந்த பழைய பெரிய வீடு. முன்னால் மாமரம், பின்னால் கிணறு.

முடிவு செய்ய உதவியவர் உரும்பிராயிலிருந்து லுமாலா சைக்கிளில் வந்த ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர். மகளுக்கு எங்கள் வேலை கிடைத்திருந்தது. அவர் இடத்தைப் பார்க்க வந்திருந்தார். முதலில் ஸ்டான்லி வீதி மாடியைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒழுங்கை வீட்டுக்கு வந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்தார், பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

"ஆறு மணிக்குப் பிறகு பிள்ளையளை மறிப்பியளோ?"

"ரிலீஸ் இருந்தா எப்பவாவது லேட் ஆகும் ஐயா. அன்னைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்."

"வீட்டிலை கரண்ட் நிண்டா என்ன செய்யிறது, பிள்ளை?"

என்னிடம் பதில் இல்லை. 2022 நெருக்கடியில் இங்கே ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. இப்போது எங்களிடம் சேரும் ஒவ்வொருவருக்கும் லேப்டாப்போடு, வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸும் கொடுக்கிறோம். இடத்தைப் பற்றியும் அவரே தீர்ப்புச் சொன்னார்: "இதெண்டா பலாலி றோட்டிலை பஸ் இருக்கு. இறங்கி நடக்கிற தூரம். கம்பசுக்கு வந்து பழகின பாதைதானே." ஆட்களைச் சேர்ப்பது என்றால் அவர்கள் வீட்டாரையும் சம்மதிக்க வைப்பதுதான் என்று பிடிபட்டது. கண்ணாடி மாடி போயிற்று.

வீட்டுச் சொந்தக்காரர் இருப்பது ஸ்கார்பரோவில். அவரோடு பேச எனக்குக் காலை ஆறரை, அவருக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது. ஒரு வருஷ வாடகை முன்பணம், மாமரத்தை வெட்டக் கூடாது, சாமியறையைத் தொடக் கூடாது. நெட்வொர்க் ரேக்கை வைக்க அந்த அறைதான் தோதாக இருந்தது. அவர் அசையவில்லை. ரேக் சாமான் அறைக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை மாலை அவருடைய அக்கா விளக்கேற்ற வருவார். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் அழைப்பு இருந்தால் மணிச்சத்தமும் சேர்ந்தே போகும். வந்த கையோடு கூடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி யார் எந்த மேசையில் என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

நான் கொக்குவிலில் ஒரு அனெக்ஸில் இருக்கிறேன். சென்னையிலிருந்து கொண்டுவந்த உருண்டைப் பின் பிளக்குகள் இங்குள்ள சதுரப் பின் பாயிண்டுகளில் நுழையவில்லை, அதனால் முதல் வாரம் மிக்ஸி வெறும் பாரம். இடியப்பமும் சொதியும் வாங்கிச் சாப்பிட்டுச் சமாளித்தேன், இப்போது மிக்ஸி வேலை செய்தாலும் வாங்கித்தான் சாப்பிடுகிறேன். சந்தையில் கத்தரிக்காய் விலையை நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்க்க மூன்றரையால் வகுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. விசா வேலைக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் பத்தரமுல்லை போக வேண்டியிருந்தது. சுமார் 400 கிலோமீட்டர், இரவு முழுக்க பஸ். சென்னைக்குப் போவதைவிடக் கொழும்புக்குப் போவது தொலைவு என்று இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. மாதம் ஒரு போயா விடுமுறை வருவதைச் சென்னை டீமுக்குப் புரியவைக்கவும் நாளாயிற்று. பௌர்ணமிக்கு எதற்கு லீவு என்று ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

முதல் மழைக்காலத்திலேயே சோதனையும் வந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் முதலில் யாழ்ப்பாணத்தை நனைத்துவிட்டு, 30ஆம் தேதி சென்னை விமான நிலையத்தை மூட வைத்தது. வாடிக்கையாளரின் தணிக்கையாளர் புயல் போன பாதையை வரைபடத்தில் போட்டு, இரண்டு ஊரும் ஒரே கடலைப் பார்த்துத்தானே இருக்கின்றன என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே புயல்தான், ஆனால் இரண்டு ஊரையும் ஒரே நாளில் நிறுத்தவில்லை என்று தேதிவாரியாகக் காட்டினேன். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நின்றபோது சென்னை பார்த்துக்கொண்டது. சென்னை மூழ்கியபோது இங்கே வீட்டிலிருந்தபடி யூபிஎஸ் உதவியோடு வேலை நடந்தது. ஏற்றுக்கொண்டார், அரைமனதாக.

இப்போது குத்தகையைப் புதுப்பிக்கும் நேரம். ஃபைபர் லைன் வந்ததால் வீட்டின் மதிப்பு கூடிவிட்டதாம், ஸ்கார்பரோக்காரர் வாடகையை ஏற்றச் சொல்கிறார். அந்த லைனை இழுத்ததே நாங்கள்தான். கணக்குப் பிரிவுக்காரர் விடாமல் கேட்கிறார்: "கிளிநொச்சில வாடகை கம்மியாமே மேடம்?" அது இங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள் என்று டைம்டேபிளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.