சிவப்பு காயும் வரை

அக்டோபர் 19

தம்பியின் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினேன். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக்கூட அவன் கிழிக்கவில்லை. தமியா நிறுவனத்தின் மினி கூப்பர் கார் மாடல், அசலில் 24இல் ஒரு பங்கு அளவு, மான்டி கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்துக்குப் போன வகை. அசல் கார் ஏறத்தாழ 3.05 மீட்டர் நீளம் என்பதால், கட்டி முடித்த பிறகும் இது 13 சென்டிமீட்டரைத் தாண்டாது. "நீயே கட்டு அக்கா, நான் வந்து பார்க்கிறேன்" என்று புறப்படும்போது சொன்னான். நான் இதுவரை எந்த மாடலையும் கட்டியதில்லை.

அக்டோபர் 20

பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில், பறிக்காத காய்களைப் போலக் காம்போடு நிற்கின்றன. பாகத்தை ஒட்டினாற்போல ஒரே வெட்டில் நறுக்கிவிட்டதால் முதல் பாகத்தில் சிறு குழி விழுந்துவிட்டது. சற்றுத் தள்ளி ஒருமுறை வெட்டிவிட்டு, மிச்சக் காம்பை இரண்டாவது முறை நறுக்கி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்பது பத்தாவது பாகத்தில்தான் கைக்கு வந்தது. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது என்பதால், உடற்கூட்டைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவி, கணப்பிலிருந்து நன்றாகத் தள்ளித் துண்டின் மேல் காய வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 21

மழை. மதுரையிலிருந்து அழைப்பு இல்லை.

அக்டோபர் 23

இதற்கான பசை, காகிதம் ஒட்டும் பசையைப் போன்றதல்ல. தண்ணீரைப் போல இருக்கிறது. தூரிகையின் நுனியால் இணைப்பில் தொட்டதும் தானே இடுக்கில் ஓடி, இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அது ஓடும் வழியில் விரலை வைத்திருந்தேன். என் கட்டைவிரல் ரேகை பாகத்தில் அப்படியே பதிந்துவிட்டது. தேய்த்தால் போகும், ஆனால் அது காரின் அடிப்பக்கம் என்பதால் விட்டுவிட்டேன்.

அங்கே படிவத்தில் நான்தான் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். தம்பி மனைவியே இட்டுவிட்டாளாம்.

அக்டோபர் 25

நேற்று மாலை காரின் கூரைக்கு ஸ்ப்ரே கேனால் வெள்ளை அடித்தேன். அடித்து முடிக்கும்போதே மலைச்சரிவிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து கொல்லைப்புறத்தை மூடிவிட்டது. வெள்ளையில் என்ன தெரியப்போகிறது என்று இருந்தேன். காலையில் பார்த்தால் பளபளப்பே இல்லை, சுண்ணாம்பு பூசிய சுவரைப் போல மங்கிக் கிடந்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அண்ணனிடம் உடற்கூட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உண்மையான வண்டிக்குச் சொல்வதைப் போலவே பொறுமையாகச் சொன்னார். லாக்கர் வகைப் பெயிண்டில் அதை இளக்கிவைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் இறங்கிக் காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும், அதுதான் இந்த மங்கல். மதியத்துக்குப் பிறகு இந்த ஊரில் மூட்டம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வெயில் ஏறிய காலை நேரத்தில் மட்டும் அடியுங்கள் என்றார். கேன் குளிர்ந்திருந்தால் பெயிண்ட் தூறலாக வராமல் துப்பும், அதனால் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் நிற்கவைத்துவிட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். அடுப்பருகே மட்டும் கொண்டுபோகக் கூடாது.

இத்தனை வருடங்களாக இந்த மூட்டத்துக்குள் துணி காய வைத்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அக்டோபர் 26

காலை பத்து மணிக்கு வெயில் வந்தது. மங்கிய வெள்ளையை நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு, மறுபடி அடித்தேன். சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி, காருக்கு வெளியே தொடங்கிக் காருக்கு வெளியே முடிக்கும்படி, மெல்லிய மூன்று பூச்சு. இந்த முறை மங்கவில்லை.

அக்டோபர் 27

அழைத்தார்கள். இன்னும் சில நாட்கள் என்றார்கள்.

அக்டோபர் 29

வெள்ளைக்கு முன்பே சிவப்பை அடித்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்று யோசித்தேன். அப்படிச் செய்யக் கூடாது. அடியில் இருக்கும் சிவப்பு, மேலே அடிக்கும் வெள்ளைக்குள் ஊறி ஏறி இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆகவே வெள்ளைதான் முதலில், அது முழுதும் காய்ந்த பிறகு கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுச் சிவப்பு. டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். அதன் பிறகும் நம்பிக்கை வராமல், விளிம்பின் மேல் லேசாக மறுபடி வெள்ளையே அடித்தேன். இடுக்கு இருந்தால் அதில் வெள்ளை போய் அடைத்துக்கொள்ளும், சிவப்புக்கு வழி இருக்காது.

அக்டோபர் 31

மழை. நவம்பர் 1, மழை. சேர்த்தே எழுதுகிறேன்.

நவம்பர் 2

சிவப்பு. மூன்று பூச்சு. நான் இந்த வீட்டில் பார்த்தவற்றிலேயே மிக அழகான சிவப்பு இதுதான்.

நவம்பர் 3

இடது கதவில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது. கை பரபரக்கிறது, ஆனால் ஈரத்தில் எடுத்தால் கதவு முழுதும் கெடும். காய்ந்த பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுக்கலாம். காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்து அறிய முடியாது. மேலே காய்ந்தாலும் உள்ளே மென்மையாக இருக்கும். முகர்ந்துதான் பார்க்க வேண்டும். பெயிண்ட் வாசனை இருக்கும்வரை தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வாசனை இருக்கிறது.

நவம்பர் 4

வாசனை இருக்கிறது.

நவம்பர் 5

இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்தும் முகர்ந்தேன். தம்பி மனைவியை அந்த நேரத்தில் அழைக்க முடியாது என்பதால் காரை முகர்ந்தேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 7

வாசனை போய்விட்டது. முடியும் போய்விட்டது, அதன் இடத்தில் தடம்கூட இல்லை. கதவுகளில் எண் படங்களை ஒட்டினேன். நீரில் சில நொடிகள் நனைத்து, தாளிலிருந்து தானாக வழுக்கும்வரை காத்திருந்து, ஈரத் தூரிகையால் நகர்த்தி நிறுத்த வேண்டும். வலது பக்கப் படம் மடிந்துகொண்டது. நிறையத் தண்ணீர் விட்டுப் பிரித்தேன்.

சக்கரங்களையும் முடித்தேன். அசலில் 10 அங்குலச் சக்கரம், இங்கே ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. 1959இல் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்த இசிகோனிஸ், உள்ளே ஆட்கள் உட்கார இடம் வேண்டுமென்று எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சக்கரங்களையும் இவ்வளவு சிறியதாக்கினார் என்று தம்பி பலமுறை சொல்லியிருக்கிறான். நான் சரியாகக் கேட்டதில்லை.

நவம்பர் 8

விளக்குகள். இந்த மாடலின் முகமே அவைதான். மினி அந்த ராலியை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1966இலும் முதல் மூன்று இடங்களில் மினிகள்தாம் வந்தன, ஆனால் முகப்பு விளக்குகள் விதிக்கு ஒத்துவரவில்லை என்று மூன்றையும் நீக்கிவிட்டார்கள். பனி கொட்டும் ஆல்ப்ஸ் வளைவுகளில் இரவெல்லாம் ஓட்டி வந்தவர்களை விளக்கைச் சொல்லி நீக்கலாமா என்று, தனக்கே நேர்ந்ததைப் போலத் தம்பி கோபப்படுவான். வத்தலக்குண்டிலிருந்து மூட்டத்தில் மலையேறும் இரவுகளில் எல்லாம் இதைச் சொல்வான்.

விளக்குக் கண்ணாடிகளுக்கு ஃபெவிக்கால்தான் சரி. சூப்பர் க்ளூவின் ஆவி படிந்தால் தெளிவான பிளாஸ்டிக்கில் வெண்புகை படர்ந்துவிடும், தண்ணீர் போன்ற அந்தப் பசை கரைத்தால் கண்ணாடி பழுதாகும். வெள்ளைப் பசை மட்டும் காய்ந்ததும் நிறமின்றித் தெளிந்துவிடுகிறது. ஊசி முனையால் துளித் துளியாக வைத்தேன்.

நவம்பர் 9

என்னை வரச் சொன்னார்கள். காலை 6 மணிப் பேருந்து.

நவம்பர் 10, விடியற்காலை

காரைப் பஞ்சில் பொதிந்து செருப்புப் பெட்டியில் வைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரவெல்லாம் ஈரம். மூன்று விளக்குகள் தெளிந்துவிட்டன, இடது ஓரத்தில் உள்ளதில் மட்டும் பசை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.