115200 வேகத்தில் ஓடிய வரிகள்

ரூட்டர் போர்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு நாலு துளை. அதில் மூன்றில் கம்பியைப் பற்றவைத்தான் எதிர்வீட்டுத் தம்பி. ஒப்பந்தம் முடிந்து சும்மா கிடந்த ஃபைபர் ரூட்டர்.

அந்தக் கம்பிகளைக் கணினியோடு இணைக்கும் 3.3 வோல்ட் சீரியல் அடாப்டரை மாட்டி, வேகத்தை நொடிக்கு 115200 பிட் என்று வைத்ததும் திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. இவ்வளவு காலம் விளக்கை மட்டும் சிமிட்டிய பெட்டி, தான் எழுந்திருப்பதை வரிவரியாகச் சொல்கிறது, நடுவில் லினக்ஸ் என்று, அந்தத் திறந்த மூல இயங்குதளத்தின் பெயர் வேறு வருகிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"முதல்ல உள்ள இருக்கிற பழைய மென்பொருளை முழுசா பேக்கப் எடுக்கணும்ணே" என்றான். அப்புறம்தான் ஓபன்டபிள்யூஆர்டி, அதாவது ரூட்டருக்கான லினக்ஸ் அடிப்படையிலான திறந்த மூல மென்பொருள்.

அதில் பிபிபிஓஇ விவரம் (இணைய நிறுவனம் தரும் பயனர் பெயர், கடவுச்சொல்), விலேன் எண் 500 (இணையப் போக்குவரத்துக்கு அந்த நிறுவனம் ஒதுக்கிய எண்) போட்டோம். சரி, இணைப்பு வந்துவிட்டது.

இந்த மென்பொருளுக்கு ஒரு கதை உண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் இருந்ததைத் திறந்த மூல ஆர்வலர்கள் கண்டுபிடித்து, ஜிபிஎல் உரிமப்படி (மென்பொருளைத் தருபவர் மூலநிரலையும் தரவேண்டும் என்னும் உரிமம்) மூலநிரலைக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டார்கள். நிறுவனமும் கொடுத்தது. அதிலிருந்து 2004-இல் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. அன்று அவர்கள் கேட்டதால் இன்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் வீட்டு ரூட்டருக்குள் என்ன ஓடவேண்டும் என்று தானே முடிவு செய்கிறான்.

பக்கத்தில் யாரிடமாவது பழைய ரூட்டர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மாடல் எண்ணைக் கமெண்ட்டில் போடுங்கள், ஓபன்டபிள்யூஆர்டி ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்கிறேன்.